குரக்கன் பிட்டைத் தேடுகிறவர் கேழ்வரகு என்று எழுதமாட்டார்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் படிப்பித்துவிட்டு இப்போது வெள்ளவத்தையில் மகளோடு இருக்கிறேன். ஏழு மாதங்களுக்கு முன் பிளாக்கரில் ஒரு சமையல் வலைப்பதிவு தொடங்கினேன். இதுவரை 46 பதிவுகள் எழுதிவிட்டேன். கூகுளில் ‘சமையல் குறிப்புகள்’ என்று தேடி, பத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தும் என் வலைப்பதிவைக் காணவில்லை. அந்தச் சொல்லை ஒவ்வொரு பதிவிலும் இருபது தடவையாவது எழுத வேண்டும் என்கிறான் பெறாமகன். அறுபதாயிரம் ரூபா தந்தால் ஒரே மாதத்தில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவேன் என்று ஒருவர் தொலைபேசியில் உத்தரவாதம் தருகிறார். கொடுக்கலாமா? தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால்தான் ஆட்கள் வருவார்கள் என்பது உண்மையா? எவ்வளவு காலம் பொறுத்திருக்க வேண்டும்? வலைப்பதிவுக்குச் சொந்த இணைய முகவரி வாங்க வேண்டுமா?
வாசகி, கொழும்பு 06

பதில்:

டீச்சர், முதலில் அந்த அறுபதாயிரத்தைப் பேசி முடிப்போம். கொடுக்க வேண்டாம். கூகுளில் முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. அப்படியும் உத்தரவாதம் தருகிறவர்கள் பெரும்பாலும் வேறு யாரும் போட்டி போடாத ஒரு சொல்லைப் பிடிப்பார்கள். உங்கள் வலைப்பதிவின் பெயரையே தேடி, ‘பாருங்கள் மேடம், முதலாவதாக வருகிறது’ என்று வட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். அது காசு கொடுக்காமலே வரக்கூடியது. வேறு சிலர் கொஞ்ச நாள் விளம்பரம் போட்டுக் காட்டுவார்கள். காசு தீர்ந்த அன்றே அதுவும் இறங்கிவிடும், விளம்பரம் கொடுத்தவருக்குச் சாதாரண முடிவுகளில் கூகுள் சலுகை காட்டுவதும் இல்லை. மூன்றாவதாக இன்னொரு வழி இருக்கிறது. அதில் நானே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன், அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று மாலை, 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி உங்கள் வலைப்பதிவைப் போனில் திறந்து பார்த்தேன். காலி வீதியில் பஸ் நகராத நேரம் என்பதால் நிதானமாகவே பார்க்கக் கிடைத்தது. அண்மைப் பதிவுகள் நன்றாகத் தெரிகின்றன. கீழே இறங்க இறங்க, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குப்பை. ஒரு பதிவின் தலைப்பு ஜீ, பீ, எல், அரைப்புள்ளி, பெரிய எல் என்று தொடங்கியது. இதோடு நெடுநாள் மாரடித்தவன் என்பதால் எனக்கு அதை வாசிக்க முடிந்தது: ‘பிட்டு’.

நடந்தது இதுதான். நீங்கள் வகுப்புக் குறிப்புகளைப் பல வருடங்களுக்கு முன் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருப்பீர்கள். ஒருகாலத்தில் இங்கே வினாத்தாள் முதல் கல்யாணக் கார்ட் வரை பாமினிதானே. அந்தக் குறிப்புகளை அப்படியே வெட்டி வலைப்பதிவில் ஒட்டியிருக்கிறீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறவை. உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் ‘பிட்டு’ என்று தெரிகிறது. எழுத்துரு இல்லாத போனிலோ போர்வை போய், உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வருகிறது. கூகுள் வாசிப்பதும் அந்த உள்ளே இருப்பதைத்தான். ஆக, நீங்கள் தமிழில் எழுதிய பதினாறு பதிவுகள் கூகுளின் கணக்கில் எந்த மொழியிலும் இல்லை.

இன்னும் ஒன்பது பதிவுகளில் எழுத்தே கிடையாது. வட்ஸ்அப்புக்காகச் செய்த அழகான செய்முறை அட்டைகளைப் படமாகப் போட்டுவிட்டு, கீழே ‘செய்து பார்த்துச் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் இடம் கேட்க முடியாது. பொருட்களையும் செய்முறையையும் எழுத்தாக அடிக்க வேண்டும், அட்டை வேண்டுமானால் கூடவே இருக்கட்டும்.

எனவே கீவேர்ட் (தேடுகிறவர் அடிக்கும் சொல்), தரவரிசை என்பதற்கெல்லாம் முன்பே, 46இல் 25 பதிவுகள் ஓட்டத்துக்கே வரவில்லை. நீங்களே இதைச் சோதிக்கலாம். கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ (எஸ், ஐ, ரீ, ஈ) என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் வலைப்பதிவு முகவரியை எழுதிப் பாருங்கள். கூகுள் உங்களிடமிருந்து எடுத்து வைத்திருக்கும் பக்கங்கள் வரும். கணக்கு அச்சொட்டாக இருக்காது, நிலவரம் புரிந்துவிடும். பாமினியை, எல்லாப் போனும் கணினியும் கூகுளும் தமிழாகவே வாசிக்கும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு. ஒரு பதிவை ஒட்டினால் நொடியில் மாறிவிடும். மாறியதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டே ஏற்றுங்கள், கொம்பும் அரவும் சில இடங்களில் இடம் மாறி நிற்கும்.

எழுத்து என்று வந்ததால் இன்னொன்று. உங்கள் ‘கௌபிச் சுண்டல்’ பதிவில் கௌபி என்பதை எப்படி அடித்திருக்கிறீர்கள் தெரியுமா? க, ஒற்றைக் கொம்பு, பிறகு ளகரம், பிறகு பி. அது கௌபி ஆகாது, ‘கெ-ள-பி’. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஔகாரக் குறிக்கு விசைப்பலகையில் தனி விசை இருக்கிறது, அதை அழுத்த வேண்டும். கௌரவம், பௌர்ணமி எல்லாவற்றிலும் தமிழர்கள் செய்கிற பிழை இது. பத்திரிகைகள்கூடத் தப்பவில்லை. சொல்லை இப்படி ஒருவர் பிழையாகவும் தேடுபவர் சரியாகவும் அடித்தால், சந்திப்பதைக் கூகுளின் ஊகத்துக்குத்தான் விட வேண்டும். அந்தச் சிரமத்தை அதற்கு நாம் ஏன் கொடுப்பான்?

சரி, இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்.

‘சமையல் குறிப்புகள்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அது கிடைக்காது, கிடைத்தாலும் பெரிய பலன் இல்லை. 2018இல், பக்கத்தில் விளம்பரம் காட்டி எழுதுகிறவருக்குக் காசு தரும் கூகுளின் அட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களுக்கும் கிடைக்கத் தொடங்கிய பிறகு, தமிழில் சமையல் தளம் நடத்துவது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. தமிழ்நாட்டு வார இதழ்களின் தளங்கள், ஆயிரக்கணக்கில் குறிப்புகள் வைத்திருக்கும் தளங்கள், யூடியூப் சனல்கள் எல்லாம் அந்தச் சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றோடு 46 பதிவுகள் மல்லுக்கட்ட முடியாது. அதோடு ‘சமையல் குறிப்புகள்’ என்று அடிக்கிறவருக்கு என்ன வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியாது. வந்தாலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

நீங்கள் கேட்காத இடத்தில் உங்களுக்கு ஏற்கெனவே ஓர் இடம் கிடைத்திருக்கிறது. சேர்ச் கொன்சோலில் வலைப்பதிவை இணைக்கச் சொல்லி எழுதியிருந்தேன் அல்லவா, மகளின் உதவியோடு இணைத்து, இரண்டு கிழமை கழித்து நீங்கள் அனுப்பிய படத்தை வைத்தே இதைச் சொல்கிறேன். சேர்ச் கொன்சோல் என்பது கூகுள் இலவசமாகத் தருகிற கருவி. மக்கள் என்ன அடித்தபோது உங்கள் பக்கம் அவர்கள் கண்ணில் பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று அது காட்டும். உங்கள் பட்டியலில் ‘சமையல் குறிப்புகள்’ இல்லவே இல்லை. ‘குரக்கன் பிட்டு’ பதினான்காம் இடத்தில் நிற்கிறது. ‘பருத்தித்துறை வடை’ இருபத்து மூன்றில். ‘நீத்துப்பெட்டி’ என்ற சொல்லுக்கு ஆறாம் இடம். ஆறு என்றால் முதல் பக்கம், டீச்சர். நீத்துப்பெட்டியைப் பற்றி நீங்கள் ஒரு பதிவுகூட எழுதவில்லை. பிட்டுப் பதிவின் நடுவில் ‘குழலைவிட நீத்துப்பெட்டியில் அவித்தால் வாசம்’ என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் ஆறாம் இடம்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டுத் தளங்களில் அந்தச் சொல்லைக் காண்பதே அரிது. பனையோலையில் இழைத்த அந்தப் பெட்டி நமக்குத்தான் தெரியும். நமது அடுப்படியில் இப்படி எத்தனை சொற்கள்! அவர்கள் கேழ்வரகு, ராகி என்பதை நாம் குரக்கன் என்கிறோம். காய்கறி நமக்கு மரக்கறி. எலுமிச்சை தேசிக்காய், புட்டு பிட்டு, உளுந்து உழுந்து, நெத்திலி நெத்தலி, இறாலைப் பலர் றால் என்றே எழுதுகிறோம். பாண், சம்பல், சொதி, மாசி, ஒடியல், ஈரப்பலாக்காய், யாழ்ப்பாணத்துக் கறித்தூள் என்று நீட்டிக்கொண்டே போகலாம். ரொறன்ரோவில் பனிக்கால ராத்திரியில் ஒரு பிள்ளை அம்மாவின் கறித்தூளை நினைத்துத் தேடும்போது ‘மசாலாப் பொடி’ என்று அடிக்குமா? ‘கறித்தூள் அளவு’ என்றுதான் அடிக்கும். அந்தச் சொற்களுக்கு எழுதியவர்கள் குறைவு. எழுதியவர்களிலும் முப்பது வருடம் வகுப்பறையில் செய்து காட்டியவர்கள் இன்னும் குறைவு.

தேடுகிறவர் எண்ணிக்கையும் குறைவுதானே என்று கேட்பீர்கள். ஆம், குறைவு. எந்தச் சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் இலங்கை என்று தெரிவுசெய்து இந்தச் சொற்களைப் போட்டால், பலவற்றுக்குப் போதிய தரவு இல்லை என்றே வரும். கூகுள் விளம்பரக் கணக்கோடு வரும் கீவேர்ட் பிளானர் கருவியிலும் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். நூறு பேர் தேடும் சொல்லில் மூன்றாம் இடம், ஒரு லட்சம் பேர் தேடும் சொல்லில் தொண்ணூறாம் இடத்தைவிட மேல். தொண்ணூறாம் இடத்தில் இருப்பதை யாரும் அழுத்துவதில்லை.

சொற்களைக் கண்டுபிடிக்க இந்தக் கருவிகளைவிட உங்கள் காது நல்லது. பழைய மாணவிகள் போனில் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். ‘டீச்சர், என்ர பிட்டு ஏன் கட்டி பட்டுப்போகுது?’ என்பது ஒரு முழுமையான தேடல் வரி, தலைப்பாகவே வைக்கலாம், எழுத்துநடைக்கு மாற்றி. அப்புறம் கூகுள் பெட்டியில் ‘குரக்கன்’ என்று மட்டும் அடித்து நிறுத்திப் பாருங்கள். கீழே தானாக விரியும் வரிகள் மற்றவர்கள் அடித்தவற்றிலிருந்து வருபவை. குரக்கன் கஞ்சி, குரக்கன் ரொட்டி என்று எது வருகிறதோ அதைக் குறித்து வையுங்கள். போனிலுள்ள மைக்கை அழுத்திப் பேசியும் பாருங்கள். அடிக்கத் தெரியாத பலர் இப்போது பேசித்தான் தேடுகிறார்கள், பேசும்போது வரிகள் நீளும்.

இனி உங்கள் பிட்டுப் பதிவையே எடுத்துத் திருத்துவோம். இப்போதைய தலைப்பு ‘அம்மாவின் கைமணம் – பகுதி 12’. அழகாகத்தான் இருக்கிறது. உங்களைத் தெரிந்தவர் வாசிப்பார். தெரியாதவர் ‘பகுதி 12’ என்று தேடப்போவதில்லை. இதை ‘குரக்கன் பிட்டு: மா கட்டிபடாமல் குழைத்துக் கொத்தி அவிப்பது எப்படி?’ என்று மாற்றலாம். தேடல் முடிவில் நீலமாகத் தெரிவது பெரும்பாலும் இந்தத் தலைப்புத்தான். கூகுள் சிலவேளை தானாக மாற்றிக் காட்டும், அது நம் கையில் இல்லை.

முதல் பந்தியிலேயே ‘குரக்கனைத் தமிழ்நாட்டில் கேழ்வரகு, ராகி என்பார்கள்’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். ஒரு தடவை போதும். இரண்டும் ஒன்று என்று கூகுளுக்குத் தெரிந்தும் இருக்கலாம், ஆனால் நம் சொற்களில் அதன் அறிவை நம்பி இருக்க நான் ஆயத்தமில்லை.

இப்போது பதிவில் இருப்பது பொருட்களும் ஆறு வரிச் செய்முறையும். அதை எந்தத் தளமும் போடும். வகுப்பில் நீங்கள் சொன்னவை எங்கே? இரண்டு பங்கு குரக்கன் மாவுக்கு ஒரு பங்கு வறுத்த அரிசிமா என்கிறீர்கள், ஏன் அரிசிமா சேர்க்க வேண்டும்? தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழைப்பதா, ஒரேயடியாக விடுவதா? கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும் என்ற அந்தப் பதம், அதற்கு ஒரு கிட்டப் படம். சுண்டு என்னும் அளவுக் குவளையால் கொத்துகிறபோது மா எந்த அளவுக்குச் சின்ன மணியாக வேண்டும் என்று இன்னொரு படம். கட்டிபட்ட பிட்டையும் ஒருமுறை வேண்டுமென்றே செய்து படம் எடுத்துப் போடுங்கள். ‘இப்படி வந்தால் தண்ணீர் கூடிவிட்டது’ என்று கீழே எழுதுங்கள். பிழையான பிட்டின் படத்தைப் போட எந்தச் சமையல் தளத்துக்கும் மனம் வராது. தேடி வருகிறவரின் சட்டியில் இருப்பதோ அந்தப் பிழையான பிட்டுத்தான்.

இது வெறும் பாசத்தில் சொல்வது இல்லை. பக்கங்களின் தரத்தை மதிப்பிடுவதற்குக் கூகுள் வைத்திருக்கும் வழிகாட்டியில் 2022 டிசம்பரில் ‘அனுபவம்’ என்ற ஒன்றையும் சேர்த்தார்கள். எழுதியவர் அதைத் தானே செய்து பார்த்தவரா என்பது இப்போது ஒரு கேள்வி. யார் எழுதுகிறார் என்று தெரியும்படி உங்களைப் பற்றியும் ஒரு பக்கம் வையுங்கள். படிப்பித்த காலம், பாடம், இவ்வளவு போதும்.

பிட்டைப் பற்றி ஐந்து பதிவுகள் வைத்திருக்கிறீர்கள், அதில் மூன்று ஏறக்குறைய ஒன்றே. உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. நல்லதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டிலும் உள்ள விசயத்தை அதில் சேருங்கள். பழைய முகவரிக்கு வருகிறவர் புதியதற்குப் போகும்படி பிளாக்கர் அமைப்பில் திசைதிருப்பல் வசதி இருக்கிறது, மகளிடம் சொன்னால் பத்து நிமிட வேலை. அப்புறம் பிட்டுப் பதிவிலிருந்து சொதிப் பதிவுக்கு, அங்கிருந்து சம்பலுக்கு என்று இணைப்பு கொடுங்கள். ‘இங்கே அழுத்தவும்’ என்ற சொல்லுக்கு இணைப்பைக் கொடுக்காமல் ‘பால் திரையாத சொதி’ என்ற சொற்களுக்கே கொடுங்கள்.

பெறாமகன் சொன்ன இருபது தடவைக் கணக்கு இருபது வருடத்துக்கு முந்தியது. முன்பு அது வேலை செய்தது உண்மை. பக்கத்தின் மறைவான பகுதியில் கீவேர்ட் பட்டியல் போடும் வழக்கமும் இருந்தது, தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இப்போது ஒரே சொல்லைத் திணிப்பது ஸ்பாம், அதாவது தேடலை ஏமாற்றும் குப்பை, என்ற கணக்கில் சேரும். தலைப்பில் ஒன்று, முதல் பந்தியில் ஒன்று, பிறகு இயல்பாக வருகிற இடத்தில் வரட்டும். எழுதியதை மகளுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தால் சொல் கூடிவிட்டது.

நான் கையைச் சுட்டுக்கொண்ட கதைக்கு வருகிறேன். 2011இல் கொழும்பில் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் தளத்துக்கு வேலை செய்தேன். மற்றத் தளங்கள் எவ்வளவு இணைப்புத் தருகின்றனவோ அவ்வளவு மதிப்பு என்பது கூகுளின் ஆதி யோசனை. அதை நிறுவிய லரி பேஜும் சேர்ஜி பிரினும் மாணவர்களாக இருந்தபோது போட்ட அத்திவாரம் அது. நாங்கள் என்ன செய்தோம்? காசு கொடுத்து நூற்றுக்கணக்கான குப்பைத் தளங்களில் இணைப்புகளை வாங்கிப் போட்டோம். இரண்டே மாதத்தில் முதல் பக்கம். முதலாளி எனக்குப் புரியாணி வாங்கித் தந்தார். 2012 ஏப்ரலில் இப்படிப்பட்ட இணைப்புகளைத் தண்டிக்கும் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது, அந்தத் தளம் ஒரே வாரத்தில் காணாமற்போனது. பிறகு ஒரு வருடம் முழுக்க, யார் யாரோ முகம் தெரியாதவர்களுக்கு ‘தயவுசெய்து எங்கள் இணைப்பை எடுத்துவிடுங்கள்’ என்று மின்னஞ்சல் எழுதினேன். சிலர் எடுப்பதற்கும் காசு கேட்டார்கள். உங்களிடம் அறுபதாயிரம் கேட்கிறவர் செய்யப்போவதும் இதுவாகவே இருக்கக்கூடும். ‘எந்தெந்தத் தளங்களில் இணைப்பு வரும்?’ என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அழைப்பு துண்டிக்கப்பட்டாலும் ஆச்சரியமில்லை.

காசில்லாத, நல்ல இணைப்பு உங்களுக்கு ஓடிவரும், நீங்கள்தான் கேட்கவில்லை. உங்கள் பாடசாலையின் பழைய மாணவிகள் சங்கத்துக்கு லண்டனிலும் கனடாவிலும் கிளை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுடைய தளத்தில் ‘எங்கள் மனைப்பொருளியல் டீச்சர் எழுதுகிறார்’ என்று ஒரு வரி வந்தால், நான் வாங்கிய நூறு இணைப்பைவிட அது பெறுமதி. பத்திரிகையின் பெண்கள் பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினால் இணையப் பதிப்பில் வலைப்பதிவு முகவரியைக் கேட்டுப் போடுங்கள். வட்ஸ்அப், பேஸ்புக்கில் பகிர்வது நேரே தரவரிசையை உயர்த்துவதில்லை. ஆட்கள் வருவார்கள், அதுவும் வேண்டியதுதானே.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவது பற்றி: முழுப் பதிவையும் அப்படி எழுதாதீர்கள். வாசிக்கிறவருக்குத் தண்டனை அது. ஆனால் பேரப்பிள்ளைகள் ஆங்கில எழுத்தில்தான் தேடுவார்கள் என்பதும் மெய். உணவின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் ஒரு தடவை, செய்முறைக்கு மேலே, போட்டுவிட்டால் போதும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த மாணவி யாராவது இருந்தால் நல்ல பத்துப் பதிவுகளைத் தனிப் பக்கங்களாக மொழிபெயர்க்கச் சொல்லலாம். இயந்திரத்தில் போட்டு எடுத்து வாசித்துப் பார்க்காமல் ஏற்ற வேண்டாம். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரே நாளில் இருநூறு குறிப்பு எழுதி ஏற்றும் யோசனையை யாராவது சொன்னால் அதையும் தள்ளிவிடுங்கள். தேடலில் இடம் பிடிப்பதற்காகவே பக்கங்களைக் குவிப்பதைக் கூகுள் 2024 மார்ச்சில் ஸ்பாம் விதிகளுக்குள் கொண்டுவந்திருக்கிறது. இப்போது தேடல் பக்கத்தின் மேலேயே பதிலைச் சுருக்கிக் கொடுக்கும் வழக்கமும் வந்துவிட்டதால், மூன்று வரியில் அடங்கும் குறிப்புக்கு ஆட்கள் உள்ளே வருவது குறைந்துதான் போகும். கட்டிபட்ட பிட்டின் படத்தை மூன்று வரியில் சுருக்க முடியாது.

படங்களைச் சின்னதாக்குங்கள். போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருப்பதால் ஒவ்வொன்றும் நாலைந்து மெகாபைட். டேட்டா கார்ட் போட்டுப் பார்க்கிறவர் பாவம். அகலம் 1200 பிக்சல் போதும். பக்கத்தைத் திறந்ததும் தெரியும் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 செக்கனுக்குள் வர வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. வேகத்தால் மட்டும் யாரும் முதலிடம் வருவதில்லை, ஆகவே இதில் மினக்கெட வேண்டாம். புதிய பதிவுகளுக்கு முகவரியை மட்டும் ஏற்றுவதற்கு முன் நீங்களே ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்த் தலைப்பு என்றால் பிளாக்கர் தானாக ‘பிளாக்-போஸ்ட்’ என்ற பொதுப்பெயரையும் ஓர் இலக்கத்தையும் வைத்துவிடும். பழையவற்றின் முகவரியில் கை வைக்க வேண்டாம்.

எவ்வளவு காலம்? மாற்றங்களைச் செய்து பலன் பார்க்க நான்கு மாதம் முதல் ஒரு வருடம் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. என் அனுபவமும் அப்படித்தான். நீங்கள் ஏழு மாதம் என்கிறீர்கள், பாமினிப் பதிவுகளுக்கு அந்தக் கணக்கு யூனிகோடுக்கு மாற்றும் நாளில்தான் தொடங்கும். அதுவரை தினமும் காலையில் தேடிப் பார்க்கும் வேலையை நிறுத்துங்கள். உங்கள் போனில் தெரியும் இடம் வேறு, மட்டக்களப்பில் ஒருவருக்குத் தெரியும் இடம் வேறு. இருக்கும் இடத்தையும் முன்பு தேடியதையும் வைத்துக் கூகுள் மாற்றிக் காட்டும். கிழமைக்கு ஒருமுறை சேர்ச் கொன்சோலைத் திறந்து, எட்டிலிருந்து இருபது வரை எந்தச் சொற்கள் நிற்கின்றன என்று மட்டும் பாருங்கள். கொஞ்சம் தள்ளினால் மேலே வரக்கூடியவை அவைதான். நூறாம் இடத்தில் இருப்பவற்றை நினைத்து நித்திரையைக் கெடுக்காதீர்கள்.

சொந்த முகவரி வாங்கினால் தரவரிசை தானாகக் கூடாது. ஆனாலும் வாங்குவது நல்லது, நாளைக்கு பிளாக்கரை விட்டு வேறு இடம் போனாலும் முகவரி உங்களோடு வரும். வாங்குவதென்றால் பதிவுகள் இருநூறு ஆவதற்கு முன், இப்போதே வாங்குங்கள். பிளாக்கர் பழைய முகவரியைப் புதியதற்குத் தானாகவே திருப்பிவிடும்.

அந்த நீத்துப்பெட்டிப் பதிவை மட்டும் பிற்போடாதீர்கள். பெட்டி எங்கே வாங்கலாம், புதுப் பெட்டியை முதலில் என்ன செய்ய வேண்டும், கழுவி எப்படிக் காயவைப்பது, பூஞ்சணம் பிடித்தால் என்ன வழி, நீத்துப்பெட்டி இல்லாதவர் இடியப்பத் தட்டில் அவிக்கலாமா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பெட்டி இரண்டு வருடமாகப் பரணில் கிடக்கிறது, அம்மாவும் இதையேதான் கேட்கிறா.